வனவியல் கல்வியும் அதன் வாய்ப்புகளும்

நம் நாட்டில் மேல்நிலைப் பள்ளியில் அறிவியல் பயிலும் மாணவருக்கு மருத்துவமும் பொறியியலும் நன்கு அறிமுகமான துறைகள். வேளாண்மைக் கல்வியும் ஓரளவு தெரிந்ததே. ஆனால் வனவியல் என்றொரு பட்டப்படிப்பு உண்டு என்பதையும், அதில் என்ன கற்பிக்கப்படுகிறது என்பதையும் அறிந்தவர் குறைவு. அறிந்தவரிலும் பலர், அதனைக் காக்கிச் சீருடைக்கு வழி வகுக்கும் படிப்பு என்றே கருதுகின்றனர். இக்கருத்து முழுமையானதன்று. நான்காண்டுகளை இப்படிப்பில் செலவிட முன்வருவோர் இதன் இயல்பையும் பயனையும் எல்லையையும் முன்கூட்டியே அறிந்திருத்தல் நலம்.

முதலும் வட்டியும்

காடு மற்ற உற்பத்தித் துறைகளிலிருந்து ஒரு வகையில் வேறுபட்டது. ஆலையில் இயந்திரம் வேறு, அதில் உருவாகும் பொருள் வேறு. காட்டிலோ மரமே இயந்திரம், மரமே விளைபொருள். ஆண்டுதோறும் மரத்தில் ஏற்படும் வளர்ச்சி வட்டி. நிற்கும் மரம் முதல். வட்டியை மட்டும் எடுத்துக்கொண்டு முதலைக் காப்பதே வனவியலின் அடிப்படை விதியாகும்.

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். 600 ஹெக்டேர் பரப்புள்ள தேக்குத் தோட்டம் ஒன்றில் மரம் முதிர்வதற்கு 60 ஆண்டுகள் ஆகும் எனில், ஆண்டுக்கு 10 ஹெக்டேர் மட்டுமே வெட்டி, வெட்டிய இடத்தில் உடனே மறுபடியும் நட வேண்டும். அவ்வாறு செய்தால் தோட்டம் என்றும் குறைவுபடாது. வருவாயைப் பெருக்கும் நோக்கில் ஆண்டுக்கு 20 ஹெக்டேர் வெட்டினால், முதல் சில ஆண்டுகளில் கணக்கேடு செழிப்பாகவே காட்சியளிக்கும். ஆனால் முப்பதாம் ஆண்டின் முடிவில் முதிர்ந்த மரம் ஒன்றுகூட எஞ்சாது. தவறு வெளிப்படும்போது, அதைச் செய்த அலுவலர் ஓய்வு பெற்றுச் சென்றிருப்பார். செய்தவர் காலத்தில் தெரியாத தவறு என்பதனாலேயே, இத்துறைக்கு அனுபவம் மட்டும் போதாது. முறையான கல்வியும் தேவைப்படுகிறது.

கல்வி வளர்ந்த வரலாறு

மலபாரின் ஆட்சியராக இருந்த கானலியின் முயற்சியாலும் சாத்து மேனனின் உழைப்பாலும் 1840-களில் நிலம்பூரில் தேக்குத் தோட்டம் உருவாயிற்று. 1864-இல் டயட்ரிச் பிராண்டிஸ் இந்தியாவின் முதல் வனத்துறைத் தலைமை ஆய்வாளராக நியமிக்கப்பட்டார். உயர் அலுவலர்கள் பயிற்சிக்காக ஜெர்மனிக்கும் பிரான்சுக்கும் அனுப்பப்பட்டு வந்த அக்காலத்தில், சரக அலுவலர்களைப் பயிற்றுவிக்க 1878-இல் டேராடூனில் வனப் பள்ளி தொடங்கப்பட்டது. அங்கேயே 1906-இல் வன ஆராய்ச்சி நிறுவனம் தோன்றியது.

எனினும் ஒரு நூற்றாண்டுக் காலம் வனவியல் என்பது பணியில் சேர்ந்தபின் பெறும் பயிற்சியாகவே இருந்தது. 1980-களின் நடுவில்தான் மாநில வேளாண்மைப் பல்கலைக்கழகங்களில் இது பட்டப்படிப்பாக மலர்ந்தது. அதாவது, துறைக்குள் நுழைந்தவர் மட்டுமே கற்ற கலையைப் பின்னர் எவரும் கற்கலாம் என்றாயிற்று.

நோக்கத்தில் ஏற்பட்ட மாற்றம்

இதே காலப்பகுதியில் வனக் கொள்கையின் நோக்கமும் மாறியது. 1976-இல் அரசியலமைப்பின் 42-ஆம் திருத்தத்தால் காடுகள் பொதுப் பட்டியலுக்கு மாற்றப்பட்டன. 1980-இல் வனப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. 1988-ஆம் ஆண்டு தேசிய வனக் கொள்கை, சுற்றுச்சூழல் நிலைபேற்றை முதன்மையாகவும் நேரடிப் பொருளாதாரப் பயனை அதற்கு அடுத்ததாகவும் வைத்தது.

மக்களின் பங்கும் உணரப்பட்டது. மேற்கு வங்கத்தின் அரபாரியில் 1972-இல் வன அலுவலர் அஜித் குமார் பானர்ஜி, சிதைந்த சால் காட்டைக் காக்கும் பொறுப்பைச் சுற்றியிருந்த கிராமத்தாரிடம் ஒப்படைத்தார். வேலைவாய்ப்பும், இறுதி விளைச்சலில் 25 விழுக்காடு பங்கும் அவர்களுக்கு உறுதியளிக்கப்பட்டன. காடு மீண்டும் தழைத்தது. 1990-இல் மத்திய அரசு கூட்டு வன மேலாண்மையை மாநிலங்களுக்குப் பரிந்துரைத்தபோது இவ்வனுபவம் முன்னோடியாக விளங்கியது. 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் காட்டில் வாழ்வோரின் உரிமைகளை ஏற்றது. ஆகவே இன்றைய வனவியலார் மரத்தை மட்டுமன்றி, சட்டத்தையும் மக்களையும் அறிந்தவராக இருத்தல் வேண்டும்.

பாடங்கள்

பாடத்திட்டமும் இதற்கேற்பவே அமைந்துள்ளது. விதை சேகரிப்பு, நாற்றங்கால், காடு வளர்ப்பு முறைகள், மண்ணியல், மர இனப்பெருக்கம், பூச்சியும் நோயும், வனவிலங்குப் பாதுகாப்பு, நீர்ப்பிடிப்புப் பகுதி மேலாண்மை, மரப் பொருள் தொழில்நுட்பம், வனச் சட்டம், வனப் பொருளாதாரம் ஆகியன இடம்பெறுகின்றன. மர அளவியலில் மாணவர் தரையிலிருந்து 1.37 மீட்டர் உயரத்தில் மரத்தின் சுற்றளவை எடுத்து, அதிலிருந்து கன அளவைக் கணிக்கக் கற்கிறார். செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு காட்டின் பரப்பை மதிப்பிடும் பயிற்சியும் உண்டு. புள்ளியியலில் நாட்டமும், வெயிலிலும் மழையிலும் நெடுந்தூரம் நடக்கும் மனமும் இப்படிப்புக்கு இன்றியமையாதன.

கல்வி நிலையங்கள்

இமாசலப் பிரதேசத்தில் சோலன் அருகே நௌனியில் 1985-இல் நிறுவப்பட்ட தோட்டக்கலை, வனவியல் பல்கலைக்கழகம், கர்நாடகத்தில் சிர்சி, கேரளத்தில் வெள்ளானிக்கரை, தமிழ்நாட்டில் மேட்டுப்பாளையம் ஆகிய இடங்களிலுள்ள வனவியல் கல்லூரிகள் குறிப்பிடத்தக்கவை. ஒரு பகுதி இடங்கள் அனைத்திந்திய நுழைவுத் தேர்வின் வழியே நிரப்பப்படுவதால் பிற மாநில மாணவரும் சேரலாம். மேற்படிப்புக்கு டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனமும், 1982-இல் தொடங்கப்பட்ட போபால் இந்திய வன மேலாண்மை நிறுவனமும், டேராடூன் இந்திய வனவிலங்கு நிறுவனமும் உள்ளன.

வேலைவாய்ப்பின் உண்மை நிலை

இங்கு ஓர் உண்மையை மறைத்தலாகாது. 1966-இல் அமைக்கப்பட்ட இந்திய வனப் பணி, வனவியல் பட்டதாரிகளுக்கென ஒதுக்கப்பட்டதன்று. தாவரவியல், விலங்கியல், வேதியியல், இயற்பியல், கணிதம், வேளாண்மை, பொறியியல் முதலியன பயின்றோரும் அத்தேர்வை எழுதலாம், இடங்களோ குறைவு. எனவே அப்பணி ஒன்றையே குறிக்கோளாகக் கொண்டு சேர்பவர் ஏமாற்றமடையக் கூடும். பெண்கள் இப்பணியில் 1980-இல் முதன்முதலாக அடியெடுத்து வைத்தனர்; கல்லூரி வகுப்புகளிலும் அவர்கள் இடம்பெற்று வருகின்றனர்.

ஆயினும் வாய்ப்பு அரசுப் பணியோடு முடிந்துவிடுவதில்லை. 2023-ஆம் ஆண்டு வன நிலை அறிக்கையின்படி காட்டுப் பரப்பும் மரப் பரப்பும் சேர்ந்து 8,27,357 சதுர கிலோமீட்டர். இது நாட்டின் நிலப்பரப்பில் 25.17 விழுக்காடாகும். தேசியக் கொள்கையின் இலக்கோ மூன்றில் ஒரு பங்கு. எஞ்சிய பரப்பைப் புதிய காடுகளால் மட்டும் நிரப்ப நிலமில்லை. உழவர்களின் வயல் வரப்புகளிலும் தரிசுகளிலுமே மரம் பெருக வேண்டும். தொழிற்சாலைகளுக்குத் தேவையான மரத்தின் பெரும்பகுதியும் இன்று காடுகளுக்கு வெளியேயிருந்துதான் கிடைக்கிறது. காகிதம், ஒட்டுப்பலகை ஆலைகளின் தோட்டப் பிரிவுகள், நாற்றங்கால்கள், வங்கிகளின் வேளாண் கடன் பிரிவுகள், நீர்வடிப்பகுதித் திட்டங்கள், தன்னார்வ அமைப்புகள் ஆகியவற்றில் இப்பட்டதாரிகளுக்கு இடமுண்டு. சவுக்கு நட்ட உழவருக்கு எந்த ஆண்டில் வெட்டினால் இலாபம் என்று சொல்லத் தெரிந்தவர் கிராமத்துக்குத் தேவைப்படுபவரே.

விரைவான வருவாயை நாடுவோருக்கு இத்துறை ஏற்றதன்று. மண்ணையும் நீரையும் மக்களையும் ஒருசேர நோக்கும் பொறுமையுடையோருக்கு இது நிறைவளிக்கும். அவர்கள் இன்று நடும் தேக்கை வெட்டுபவர் வேறொருவராக இருப்பார். அந்த வேறொருவருக்காகக் கணக்குப் பார்க்கக் கற்பதே வனவியல் கல்வி.