‘9999 இன் 1’ கேசட்டில் எத்தனை கேம்? புதுக்கோட்டைக்கு வந்து சேராத வீடியோ கேம் விமர்சனங்கள்

நார்த்தாமலை தேர்த் திருவிழாவுக்குச் சொந்தக்காரர்கள் கொடுத்த காசு மொத்தம் 150 ரூபாய். அதை எடுத்துக்கிட்டு ஆலங்குடியிலிருந்து பஸ் ஏறி, புதுக்கோட்டை கீழராஜ வீதிக்கு நானும் பெரியம்மா மகனும் போனோம். அப்போ எனக்கு ஒன்பது வயசு இருக்கும். அண்ணன் ப்ளஸ் ஒன். டவுனில் ஒரு கடையில் ‘9999 இன் 1’ என்று லேபிள் ஒட்டிய மஞ்சள் கேசட் வாங்கினோம். ஒரு கேமுக்கு ஒன்றரை பைசாகூட வரலைன்னு பஸ்ஸிலேயே அண்ணன் கணக்குப் போட்டுட்டார்.

வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தால், 1 மரியோ, 2 டேங்க், 3 வாத்து சுடுறது. ஒன்பதாவது மறுபடியும் மரியோ, ஆனால் வேற இடத்திலிருந்து ஆரம்பிக்குது. 9999 வரைக்கும் இதே கதைதான். உண்மையான கேம் எட்டு. மறுநாள் கடைக்குப் போய்க் கேட்டதுக்கு வந்த பதில்: “கேசட் ஓடுதா இல்லையா தம்பி?”

சினிமாவுக்கு விகடன் மார்க் பார்த்துட்டுப் போற குடும்பம் எங்களுடையது. கேசட்டுக்கு மட்டும் மார்க் சொல்ல யாருமே இல்லை. இத்தனைக்கும் அந்த எட்டு கேமும் வெளிவந்த காலத்திலேயே வீடியோ கேம் விமர்சனம் என்ற எழுத்து அமெரிக்காவிலும் ஜப்பானிலும் ஜோராக நடந்துகொண்டிருந்தது.

மார்க் போட ஆரம்பித்தது எப்போது?

அமெரிக்காவில் ‘வீடியோ’ என்ற இதழில் பில் குன்கல், ஆர்னி காட்ஸ் இருவரும் 1979-ல் ‘ஆர்கேட் ஆலி’ என்ற பத்தியைத் தொடங்கினார்கள். வீட்டு டிவியில் ஆடும் கேம்களைத் தொடர்ந்து விமர்சித்த ஆரம்பகால எழுத்துகளில் முக்கியமானது இது. இவர்கள் ஜாய்ஸ் வொர்லியையும் சேர்த்துக்கொண்டு 1981 கடைசியில் ‘எலெக்ட்ரானிக் கேம்ஸ்’ என்று தனி இதழே கொண்டுவந்தார்கள். அதே ஆண்டு நவம்பரில் பிரிட்டனில் ‘கம்ப்யூட்டர் அண்ட் வீடியோ கேம்ஸ்’ வந்தது.

விமர்சனத்துக்கு அப்போது அவசரத் தேவையும் இருந்தது. அடாரி 2600-க்கு யார் வேணும்னாலும் கேசட் போட்டு விற்கலாம் என்ற நிலை. ஸ்பீல்பெர்க் படத்தை வைத்து 1982 டிசம்பரில் வந்த ‘இ.டி.’ கேமை ஹோவர்ட் ஸ்காட் வார்ஷா சுமார் ஐந்தே வாரத்தில் செய்து முடித்தார். விற்காமல் மிஞ்சிய அடாரி சரக்கை நியூ மெக்சிகோவின் அலமகோர்டோவில் குழி தோண்டிப் புதைத்தார்கள். 2014-ல் தோண்டிப் பார்த்தபோது ‘இ.டி.’ கேசட்டுகளும் வெளியே வந்தன. டப்பாவின் மேல் அழகான படம், உள்ளே போட்டுப் பார்த்தால் ஏமாற்றம். இந்த விஷயத்தில் அமெரிக்கப் பையனும் ஆலங்குடிப் பையனும் ஒரே கட்சிதான்.

1983-ல் அந்தச் சந்தை சரிந்தது. ‘எலெக்ட்ரானிக் கேம்ஸ்’ இதழும் 1985-ல் பெயர் மாறி, பிறகு நின்றுபோனது.

சூடு ஜப்பானுக்கு மாறியது. 1983 ஜூலையில் நிண்டெண்டோவின் ஃபேமிகாம் வந்தது. நம்ம ஊர் ‘டிவி கேம்’ எல்லாம் இதன் நகல்தான். ஃபேமிகாமுக்கென்றே 1985-ல் ஒரு இதழ் வந்தது. அதில் வாசகர்களே மார்க் போட்டார்கள். பள்ளிக்கூட ரேங்க் கார்டு மாதிரி, 30-க்கு இவ்வளவு. அடுத்த ஆண்டு தொடங்கிய ‘ஃபேமிட்சு’வில் நாலு விமர்சகர்கள் தலா 10-க்கு மார்க் போட, மொத்தம் 40. முதல் முறையாக 40-க்கு 40 விழுந்தது 1998-ல், ‘ஜெல்டா: ஒகரினா ஆஃப் டைம்’ கேமுக்கு. சூப்பர் மரியோ பிரதர்ஸ் எவ்வளவு வாங்கியது என்று கேட்காதீங்க. அது 1985 செப்டம்பரிலேயே வந்துவிட்டது. ஃபேமிட்சு அப்போது பிறக்கவே இல்லை.

நமக்கு ஏன் அந்த எட்டு?

ஜப்பான் விமர்சகர்கள் கொண்டாடிய டிராகன் குவெஸ்ட், ஜெல்டா, ஃபைனல் ஃபேண்டஸி எதுவும் எங்க மஞ்சள் கேசட்டில் இல்லை. காரணம் ரசனை இல்லை, சைஸ்.

சூப்பர் மரியோ மொத்தமே 40 கிலோபைட். இன்றைக்கு வாட்ஸ்அப்பில் வரும் ஒரு குட்மார்னிங் படம் அதைவிடப் பெரிசு. டேங்க் கேம் இன்னும் சின்னது, 24 கிலோபைட். 1984, 85-ல் வந்த இந்தக் குட்டி கேம்களை ஒரு மலிவு சிப்பில் எட்டு, பத்து என்று அடைக்கலாம். ஜெல்டாவின் அமெரிக்க கேசட் 128 கிலோபைட். ஆட்டத்தைச் சேமித்து வைக்க அதுக்குள்ளே பேட்டரி வேற. கட்டுப்படியாகாது. அதனால் விமர்சகர் யாரும் தேர்ந்தெடுக்காத, கேசட் செய்தவரின் செலவுக் கணக்கு தேர்ந்தெடுத்த கேம்கள்தான் புதுக்கோட்டைக்கு வந்தன. காண்ட்ராவும் பெரிய கேம்தான், எங்க பக்கம் தனி கேசட்டாகக் கிடைத்தது.

இன்னொரு காரணமும் உண்டு. அமெரிக்காவில் விற்ற நிண்டெண்டோ மெஷினில் நகல் கேசட் ஓடாமல் தடுக்க ஒரு பூட்டு சிப் இருந்தது. ஜப்பான் ஃபேமிகாமில் அது கிடையாது. நகல் எடுத்தவர்கள் பிடித்துக்கொண்டது இந்தத் திறந்த கதவைத்தான்.

முறையான வழியிலும் கேம் வந்தது, ஆனால் யாருக்கு? 1995-ல் சேகா மெகா டிரைவை இந்தியாவில் விற்றது ஷா வாலஸ். ஆமாம், சரக்கு கம்பெனியேதான். விலை 18,000 ரூபாய். அன்றைய புதுக்கோட்டையில் அந்தக் காசுக்கு வேற என்னென்னவோ வாங்கலாம்.

பேர் தெரியாத கேம்களின் விமர்சகர்கள்

நகல் எடுக்கும்போது கம்பெனி பேரையும் பல நேரம் அழித்துவிடுவார்கள். கையேடு கிடையாது. அதனால் எங்களுக்கு நாம்கோ தெரியாது, கோனாமி தெரியாது. டேங்க், பழம் சாப்பிடுறது, சிங்கம் மேல போறது - இவைதான் பேர்கள்.

விமர்சனம் மட்டும் நடந்தது, தெருவில். அதன் அளவுகோல்கள் கறாரானவை. முதல் கேள்வி: ரெண்டு பேர் சேர்ந்து ஆடலாமா? ஆடலாம்னா டேங்க், காண்ட்ரா எல்லாம் முதல் வரிசை. மரியோவில் ஒருத்தர் சாகும் வரை இன்னொருத்தர் காத்திருக்கணும், அதனால் அரை மார்க் குறையும். ரெண்டாவது கேள்வி கரண்ட். நான் சொல்வது தமிழ்நாட்டில் மின்வெட்டு நேரம் பார்த்து வாழ்ந்த காலம். நடுவில் கரண்ட் போனால் எல்லாம் முதலிலிருந்து. நீளமான கேம் எவ்வளவு நல்லா இருந்தாலும் எங்க தெருவில் தோல்விப் படம்தான். டோக்கியோ விமர்சகர் யாரும் இதற்கு மார்க் குறைத்திருக்க மாட்டார்.

காண்ட்ராவில் 30 உயிர் வாங்கும் ரகசியம் (மேலே மேலே, கீழே கீழே, இடது வலது, இடது வலது, பி, ஏ) அமெரிக்காவில் பத்திரிகை மூலம் பரவியது. எங்களுக்கு அது அறந்தாங்கியிலிருந்து லீவுக்கு வந்த ஒரு பையன் மூலம் வந்தது. அவன் அதைச் சும்மா சொல்லலை, ரெண்டு நாள் எங்க சைக்கிளை ஓட்டிட்டுத்தான் சொன்னான்.

ஆனால் வாய்மொழி விமர்சனம் எங்கேயும் பதிவாகலை. ஜப்பானில் ஒரு சிறுவன் போட்ட மார்க் இதழின் பக்கத்தில் இன்னும் இருக்கு. எங்க தெருவில் போட்ட மார்க், ஆடியவர்கள் சிங்கப்பூர், துபாய், திருப்பூர் என்று கிளம்பியபோது கூடவே போய்விட்டது.

இந்தக் கட்டுரைக்காகத் தேடியபோதுதான் டேங்க் கேமின் பேர் ‘பேட்டில் சிட்டி’, செய்தது நாம்கோ, ஆண்டு 1985 என்று எனக்கே தெரிந்தது. மொத்தம் 35 ஸ்டேஜ். அதைத் தாண்டினால் முடிவு எதுவும் வராது, பழைய ஸ்டேஜ்களே திரும்ப வரும்.

சிங்கப்பூரில் இருக்கும் அண்ணனுக்கு போன் போட்டுச் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

“35 முடிச்சேன்டா. ஒரு ஞாயித்துக்கிழமை பூரா உக்காந்து முடிச்சேன். திரும்ப முதல் ஸ்டேஜ் வந்துச்சு. டூப்ளிகேட் கேசட், அதான் கடைசி ஸ்டேஜ் இல்லைன்னு நினைச்சு தூக்கிப் போட்டுட்டேன்.”

எனக்கு அதுவரை அந்தக் கேசட் தொலைந்துபோனதாகத்தான் தெரியும்.