தோட்டத்து மாதா கோயிலும் இளையோரின் கேள்விகளும்

நெகிரி செம்பிலானில் ரப்பர் தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. லயத்துப் பிள்ளைகள் சிரம்பானிலும் நீலாயிலும் வேலை பார்க்கிறார்கள். "தமிழ்ப் பூசையை விட்டுட்டா நாம யாரு?" என்று கேட்கும் பாட்டிக்கு, தமிழ் வாசிக்கத் தெரியாத பேரன் என்ன பதில் சொல்வான்?

சரி, திருச்சபைக்குள் மாற்றுக் கருத்து சொல்லலாமா? தாராளமாக. போப் பிரான்சிஸ் 2021-இல் தொடங்கிய ஆயர் மாமன்றம், உலகெங்கும் பொதுநிலையினரிடமே கருத்துக் கேட்டது. 2023-இல் பெண்களும் முதன்முறையாக வாக்களித்தார்கள். பெண்கள் திருத்தொண்டர் ஆகலாமா என்பதற்கு 2024 இறுதி ஆவணமும் முடிவு சொல்லவில்லை. அந்தப் பத்திக்கு 97 எதிர்ப்பு வாக்குகள். ரோமிலேயே ஒத்துப்போகவில்லை, பாருங்கள்!

வாக்கெடுப்பு ஆலோசனைதான், இறுதிச் சொல் போப்பாண்டவருடையது. ஆனால் பூசை எந்த மொழியில், எத்தனை மணிக்கு என்பதற்கு ரோம் வரை போக வேண்டாம். பங்குத் தந்தையிடமே பேசலாம்.