நத்தை மாதிரி ஒரு ‘அ’

போன விஜயதசமிக்குச் செராஸில் எங்கள் வீட்டருகே உள்ள கோவிலில் பேத்திக்கு ஏடு தொடக்கினோம். தாம்பாளத்தில் பரப்பிய அரிசியில் ஐயர் அவள் விரலைப் பிடித்து ‘அ’ எழுதினார். அவர் கையை விட்டதும் தானாகவே இன்னொன்று போட்டாள். சுழி பெருத்து, கால் விளிம்பு வரை இழுத்துக்கொண்டு போய், பார்க்க நத்தை மாதிரி இருந்தது. வீட்டில் என் மகன் டேப்லெட்டை எடுத்துக் கொடுத்தான். புள்ளிக்கோட்டின் மேல் விரலை ஓட்டினால் அச்சடித்தது போன்ற ‘அ’. கூடவே ஒரு நட்சத்திரம்.

மகன் கட்சிக்கு ரோமாபுரியிலேயே ஆள் உண்டு.

ரோமானியப் பிள்ளைகள் ஏழு வயதுவாக்கில் ‘லூடுஸ்’ என்ற தொடக்கப் பள்ளிக்குப் போனார்கள். பெரும்பாலும் தனிக் கட்டடம் கிடையாது. கடைமுகப்போ தூண் வரிசையின் நிழலோதான் வகுப்பு. கையில் மெழுகு பூசிய பலகை, எழுத்தாணி. அதன் ஒரு முனை கூர், மறுமுனை தட்டை. தப்பாக எழுதினால் தட்டை முனையால் மெழுகைத் தேய்த்துவிடலாம். பேரரசர் டயோக்ளீஷியன் 301இல் போட்ட விலை ஆணையில் வாத்தியார் சம்பளமும் இருக்கிறது: பிள்ளை ஒன்றுக்கு மாதம் எழுத்து வாத்தியாருக்கு 50 தெனாரியஸ், கணக்கு வாத்தியாருக்கு 75. (கணக்கு டியூஷனுக்குக் கட்டணம் கூட என்பது நேற்று வந்த வழக்கமல்ல.)

ரோமில் குவிண்டிலியன் என்ற ஆசிரியர், முதல் நூற்றாண்டின் முடிவில், பிள்ளைகளை அடிக்கவே கூடாது என்று எழுதினார். பலகையில் எழுத்துகளைக் குழியாகச் செதுக்கி அந்தத் தடத்தில் எழுத்தாணியை ஓட்டவிடச் சொன்னதும் அவர்தான். கோடு தாண்டாது, ஆசிரியர் கை பிடிக்கவும் வேண்டாம். புள்ளிக்கோட்டின் பாட்டன்!

நம் திண்ணைப் பள்ளியில் தடம் ஏது? மணல்தான். சட்டாம்பிள்ளை சொல்லச் சொல்ல, உரக்கத் திருப்பிச் சொல்லியபடி விரலால் எழுதுவார்கள். தப்பினால் உள்ளங்கையால் ஒரு தடவல். ஓலை பிறகுதான். பிரம்படியும் தாராளம், அந்த வகையில் குவிண்டிலியனே மேல். சென்னை எழும்பூரில் படைவீரர்களின் அநாதைப் பிள்ளைகளுக்கான இல்லத்தை நடத்திய ஆண்ட்ரூ பெல், இந்த மணல் எழுத்தைப் பார்த்துத் தம் பள்ளியில் புகுத்தினார். 1797இல் அதைப் பற்றி லண்டனில் நூல் வெளியிட்டார். ‘மெட்ராஸ் முறை’யின் ஒரு பகுதியாக அது இங்கிலாந்துப் பள்ளிகளுக்கும் போனது.

தடமா, மணலா? 2012இல் அமெரிக்காவின் காரின் ஜேம்ஸும் லாரா எங்கல்ஹார்ட்டும், இன்னும் வாசிக்கத் தெரியாத ஐந்து வயதுப் பிள்ளைகளுக்குச் சில எழுத்துகளைப் பார்த்துத் தானாக எழுதவும், சிலவற்றைப் புள்ளிக்கோட்டில் வரையவும், சிலவற்றை விசைப்பலகையில் தட்டவும் கொடுத்தார்கள். பிறகு எம்ஆர்ஐ கருவிக்குள் அதே எழுத்துகளைக் காட்டினார்கள். தானாக எழுதிய எழுத்தைக் கண்டபோதுதான், பெரியவர்கள் வாசிக்கையில் இயங்கும் மூளைப் பகுதிகள் நன்றாக விழித்துக்கொண்டன.

காரணம் கோணலாக இருக்கலாம் என்கிறார்கள். பிள்ளை எழுதும் பத்து ‘அ’வும் பத்து விதம். எது மாறினாலும் ‘அ’ ‘அ’தான், எது மாறினால் இல்லை என்பதை மூளை அந்தக் கோணல்களிலிருந்தே பிரித்தெடுக்கிறது. தடத்தில் ஓடும் விரலுக்கு அந்த வேலையே வருவதில்லை. சோதித்தது சிறு குழு, அதுவும் ரோமன் எழுத்தில். ஆனாலும் ‘ன’வுக்கும் ‘ண’வுக்கும் ஒரே சுழி வித்தியாசமுள்ள நமக்கு இது பொருந்தாமலா போகும்?

இப்போது எங்கள் சமையலறை மேசையில் ஒரு தட்டு ரவை நிரந்தரமாக இருக்கிறது. நேற்று நாலு சுழியோடு ஒன்று எழுதியிருந்தாள். என்ன எழுத்து என்று கேட்டேன்.

“பெரிய ண, தாத்தா.”