அஞ்சலகக் கணினியின் வலைத்தொடர்பும் அதன் கண்காணிப்பும்

விருதுநகர் மாவட்டத்தில் அருப்புக்கோட்டையை ஒட்டிய பாளையம்பட்டியிலும், அங்கிருந்து திருச்சுழி வரை பரவியுள்ள வானம் பார்த்த ஊர்களிலும், எளிய மக்கள் அன்றாடம் புழங்குகிற அரசு அலுவலகங்களுள் அஞ்சலகம் முதன்மையானது. தறிக்காரர் வெளியூருக்கு அனுப்பும் சேலைப் பார்சலும், பெண் குழந்தையின் பெயரில் கட்டும் செல்வமகள் சேமிப்புத் தவணையும், முதியவர் பெறும் பணவிடையும் இன்று காகிதப் பேரேட்டில் பதிவாவதில்லை. தொலைவிலுள்ள தரவு மையத்தின் சர்வரில், அதாவது பலருக்கும் ஒரே நேரத்தில் விடை அளிக்கும் பெருங்கணினியில், பதிவாகின்றன. வரிசை நீண்டிருக்கும் வேளையில் எழுத்தர் "சர்வர் இல்லை" என்று சொல்லும்போது, அந்த ஒரே விடைக்குள் ஒன்றோடொன்று தொடர்பில்லாத பல கோளாறுகள் அடங்கியிருக்கின்றன. அவற்றைப் பிரித்தறியும் பணிதான் சர்வரின் வலைத்தொடர்பைக் கண்காணிக்கும் பணி. பொதுமக்களுக்கு அறிமுகமே இல்லாத இப்பணியைச் சார்ந்தே நாட்டின் மிகப் பெரிய பொதுச் சேவைகள் நடக்கின்றன.

இந்திய அஞ்சல் துறையின் தகவல் தொழில்நுட்ப நவீனமயமாக்கலுக்கு 2012-இல் நடுவண் அரசு 4,909 கோடி ரூபாய் ஒதுக்கி ஒப்புதல் அளித்தது. சேமிப்புக் கணக்குகளுக்கான வங்கி மென்பொருள் இன்ஃபோசிஸ் நிறுவனத்தின் ஃபினாக்கிளாக அமைய, பார்சல், பதிவுத் தபால், கணக்கு, பணியாளர் நிர்வாகம் ஆகியவற்றை இணைக்கும் பொறுப்பை 2013-இல் டாட்டா கன்சல்டன்சி சர்வீசஸ் ஏற்று, ஜெர்மனியின் எஸ்.ஏ.பி. மென்பொருளை அடித்தளமாகக் கொண்டு அதை உருவாக்கியது. பின்னர் தர்பண் திட்டத்தின் வழியே கிராமக் கிளை அஞ்சலகங்களுக்கும் சிம் அட்டையுடன் இயங்கும் கைக்கருவிகள் சென்றன. ஆகவே வாடிக்கையாளருக்கு ஒரே சாளரமாகத் தெரிந்த இடத்தின் பின்னால் இரு வேறு பெருமென்பொருள்கள் இயங்கின. பார்சல் பகுதி முடங்கியபோதும் சேமிப்புப் பகுதி சீராக இயங்கியிருக்கக் கூடும். வரிசையில் நிற்பவருக்கு அது தெரிய வழி இருக்கவில்லை.

எஸ்.ஏ.பி. என்பது 1972-இல், ஐ.பி.எம். நிறுவனத்தில் முன்பு பணியாற்றிய ஐந்து பொறியாளர்கள் தொடங்கிய நிறுவனம். ஒரு பெரிய அமைப்பின் கொள்முதல், இருப்பு, சம்பளம், கணக்கு அனைத்தையும் ஒரே தரவுத்தளத்தில் இணைப்பது அதன் மென்பொருளின் நோக்கம். தொடக்கத்தில் அதற்கென்றே நிறுவப்பட்ட தனி நிரலின் மூலமாகவே ஊழியர்கள் அதை அணுகினர். இணையம் பரவி, பிரவுசர் வழியாகவும் பிற மென்பொருள்கள் வழியாகவும் விண்ணப்பங்கள் வரத் தொடங்கியபோது, வலையின் மொழியான எச்.டி.டி.பி.யை நேரடியாகப் புரிந்துகொள்ளும் ஓர் உறுப்பு தேவைப்பட்டது. 2000-களின் தொடக்கத்தில் அந்நிறுவனம் தன் சர்வருக்குள்ளேயே அமைத்த அவ்வுறுப்பின் பெயர் இன்டர்நெட் கம்யூனிகேஷன் மேனேஜர். கணினி நிர்வாகிகள் அதைச் சுருக்கமாக ஐ.சி.எம். என்பர்.

ஐ.சி.எம். கணக்கு எதையும் தான் போடுவதில்லை. வலையிலிருந்து வரும் விண்ணப்பத்தை ஏற்று, அதன் முகவரியைப் படித்து, அது எந்தப் பகுதிக்கு உரியது என்று தெரிந்து, உண்மையான கணக்கைச் செய்யும் 'வொர்க் பிராசஸ்' எனும் செயல்முறையிடம் ஒப்படைத்து, விடை வந்ததும் கேட்டவருக்கு அனுப்புவதே அதன் வேலை. இதற்காக அதனுள் பல 'இழைகள்' இயங்குகின்றன. ஒரே நிரலுக்குள் ஒரே நேரத்தில் தனித்தனியே வேலை செய்யும் கூறுகளுக்கு இழை என்று பெயர். அஞ்சலகத்தின் முன்சாளரத்தில் அமர்ந்து படிவம் வாங்கும் எழுத்தர்களை இழைகளாகவும், உள்ளறையில் பேரேடு எழுதுவோரை வொர்க் பிராசஸ்களாகவும் எண்ணிக்கொண்டால் அமைப்பு விளங்கும்: எல்லாச் சாளரங்களும் நிறைந்தால் வருபவர் வரிசையில் நிற்பார், வரிசைக்கும் இடமில்லை என்றால் திருப்பி அனுப்பப்படுவார். அப்படித் திருப்பி அனுப்பப்படும் விண்ணப்பத்துக்குக் கிடைக்கும் விடைதான், பலர் திரையில் கண்டிருக்கக்கூடிய 503 என்ற எண்.

இந்த உறுப்பைக் கண்காணிக்க எஸ்.எம்.ஐ.சி.எம். என்ற குறியீட்டால் திறக்கும் ஒரு திரை நிர்வாகிக்கு உண்டு. இழைகள், இணைப்புகள், வரிசை ஆகிய மூன்றுக்கும் இப்போதைய அளவு, இதுவரை எட்டிய உச்சம், அனுமதிக்கப்பட்ட வரம்பு ஆகியவை அதில் தெரியும். இவற்றுள் அனுபவம் வாய்ந்த நிர்வாகி முதலில் நோக்குவது உச்ச அளவையே. இழைகளின் வரம்பு 50 என்று வைத்து, உச்சமும் 50-ஐத் தொட்டிருந்தால், இந்தக் கணத்தில் திரை அமைதியாக இருந்தாலும், மாதத்தின் முதல் வாரத்தில் கூட்டம் கூடிய ஏதோ ஒரு வேளையில் நெரிசல் ஏற்பட்டுவிட்டது என்பதை அவர் உணர்வார்.

இங்கேதான் தவறான மருத்துவம் நிகழ்வதுண்டு. இழைகள் நிறைந்துவிட்டன என்றால் வரம்பை உயர்த்திவிடலாம் என்று தோன்றும். ஆனால் இழைகள் காத்திருப்பது பெரும்பாலும் உள்ளே இருக்கும் செயல்முறைகளுக்காகவே. அவையோ தரவுத்தளத்தில் ஒழுங்கற்று எழுதப்பட்ட ஒரு வினவலின் விடைக்காகக் காத்திருக்கலாம். அந்நிலையில் இழைகளைப் பெருக்குவது காத்திருப்போரைப் பெருக்குவதாகவே முடியும். நெரிசல் எந்த அடுக்கில் தொடங்கியது என்பதைக் கண்டறியாமல் எந்த எண்ணையும் மாற்றலாகாது என்பதே இத்துறையின் முதல் ஒழுக்கம்.

ஐ.சி.எம். தானாக விழுந்துவிட்டால், வேலைகளைப் பங்கிடும் மற்றோர் உறுப்பான டிஸ்பேட்சர் அதை மீண்டும் எழுப்பிவிடும். நிர்வாகியே நிறுத்தி இயக்க வேண்டுமானால் இரு வழிகள் உள்ளன: நடந்துகொண்டிருக்கும் விண்ணப்பங்கள் முடியும்வரை பொறுத்து நிறுத்துவது ஒன்று, உடனே அறுத்து நிறுத்துவது மற்றொன்று. இரண்டாவது வழியில், அந்நேரத்தில் நடுவழியில் இருந்த பதிவின் நிலை ஐயத்துக்குரியதாகிவிடும் என்பதால், அதைக் கடைசி நடவடிக்கையாகவே கொள்ள வேண்டும். கோளாற்றை ஆராய, நிகழ்வுகளை எழுதிவைக்கும் டிரேஸ் கோப்பின் நுணுக்க அளவை 0 முதல் 3 வரை மாற்றலாம். அளவு கூடக்கூட விவரமும் கூடும். அதோடு வட்டில் இடம் கரைந்து, வேகம் குறைந்து, பரிமாறப்படும் தரவின் உள்ளடக்கமே கோப்பில் பதியவும் கூடும். ஆராய்ச்சி முடிந்ததும் பழைய அளவுக்குத் திரும்பாமல் விடுவது பொறுப்பின்மை.

இணைப்பைப் பிறர் ஒட்டுக்கேளாதபடி மறைக்கும் எச்.டி.டி.பி.எஸ். முறைக்குத் தேவையான டிஜிட்டல் சான்றிதழையும் இதே நிர்வாகி பராமரிக்கிறார். அதன் காலம் முடிந்துவிட்டால், எல்லா எந்திரங்களும் நலமாக இருந்தும் சேவை நின்றுவிடும். பொது இணையத்தில் புழங்கும் சான்றிதழ்களின் ஆயுளை 398 நாள்களிலிருந்து படிப்படியாகக் குறைத்து, 2029 மார்ச்சில் 47 நாள்களாக்க உலகச் சான்றிதழ் வழங்குநர்களும் பிரவுசர் நிறுவனங்களும் சேர்ந்த அமைப்பு 2025 ஏப்ரலில் முடிவெடுத்தது. நாள்காட்டியில் குறித்துவைத்து ஆண்டுக்கொருமுறை புதுப்பித்த வழக்கம் இனிச் செல்லாது. இப்பணியைத் தானியங்கு முறைக்கு மாற்றியே ஆக வேண்டும்.

பாதுகாப்பின் நோக்கில் இவ்வுறுப்பு எவ்வளவு முக்கியமானது என்பதை 2022 பிப்ரவரி 8 உணர்த்தியது. ஐ.சி.எம்.-இல் இருந்த ஒரு குறைபாட்டை ஆனாப்சிஸ் என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் கண்டறிந்திருந்தனர், எஸ்.ஏ.பி. அதற்கான திருத்தத்தை அன்று வெளியிட்டது. ஒருவரின் விண்ணப்பத்தோடு மற்றொருவரின் வரிகளை ஒட்டவைத்து சர்வரை ஏமாற்ற இடம் தந்த அக்குறைபாட்டுக்கு, கடுமையை அளக்கும் அளவுகோலின் உச்சமான 10.0 புள்ளி வழங்கப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில், உண்மையான தாக்குதல்களில் பயன்பட்ட குறைபாடுகளின் பட்டியலில் அமெரிக்க அரசின் இணையப் பாதுகாப்பு முகமை அதைச் சேர்த்தது. கடவுச்சொல்லைச் சோதிக்கும் பகுதிக்கு முன்பாகவே வலை விண்ணப்பங்கள் இவ்வுறுப்பைத் தொட்டுவிடுவதால், கடவுச்சொல் எவ்வளவு வலிமையாக இருப்பினும் இங்குள்ள ஓட்டையை அது அடைக்காது.

அஞ்சல் துறை 2025-இல் வேறு பாதையில் திரும்பியது. மைசூருவிலுள்ள தன் அஞ்சல் தொழில்நுட்ப மையம் உருவாக்கிய ஏ.பி.டி. என்னும் புதிய மென்பொருளை, கர்நாடகத்தில் சோதித்த பின் வட்டம் வட்டமாக விரிவாக்கி, 2025 ஆகஸ்ட் 4-இல் நாட்டின் 23 அஞ்சல் வட்டங்களிலும் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. ஒரே நாளில் 32 லட்சத்துக்கும் மேற்பட்ட பதிவுகளையும் 37 லட்சம் பட்டுவாடாக்களையும் அது கையாண்டதாக அரசு அறிவித்தது. அரசின் மேகக் கணினியில், ஒரே பெருநிரலாக அல்லாமல் சிறுசேவைகளின் தொகுப்பாக இயங்கும் இப்புதிய அமைப்பில் ஐ.சி.எம். என்ற பெயர் இல்லை. ஆனால் இழைகளும் வரிசைகளும் சான்றிதழ்களும் எந்த வலைச் சர்வரிலும் உண்டு. சிறுசேவைகள் பலவாகப் பிரிந்திருப்பதால் கண்காணிக்க வேண்டிய இடங்கள் கூடியுள்ளனவே தவிரக் குறையவில்லை.

கண்காணிப்புத் திரையின் முன் அமர்ந்தவருக்கு, எந்தச் சேவை நின்றது, எது இயங்குகிறது என்பது சில நிமிடங்களில் தெரிந்துவிடுகிறது. அந்த அறிவு சாளரத்தில் இருக்கும் எழுத்தருக்கும், அவர் வழியாக வரிசையில் நிற்பவருக்கும் எட்ட வேண்டும். பார்சல் பதிவு நின்றிருக்கிறது, சேமிப்புக் கணக்கு இயங்குகிறது, இத்தனை மணிக்குச் சீராகும் என்ற மூன்று செய்திகளை அஞ்சலகப் பலகையில் தமிழில் காட்டத் தொழில்நுட்பத் தடை எதுவும் இல்லை. அரைநாள் கூலியை விட்டு வருகிறவரின் நேரத்தை மதித்து, அஞ்சல் துறை அதை நடைமுறைப்படுத்த வேண்டும்.