சாட்சி மரம்

காட்டு நிலத்தை அளப்போர், எல்லையின் மூலையைக் குறிப்பதற்காக அருகில் நிற்கும் மரமொன்றை ஆழ வெட்டி அடையாளமிடுதல் அமெரிக்காவில் நெடுங்கால வழக்கம். அதற்குச் ‘சாட்சி மரம்’ என்று பெயர். அப்பெயரையே கவிஞர் றொபேட் புரொஸ்ற் 1942ஆம் ஆண்டில் வெளியிட்ட தமது கவிதைத் தொகுதிக்குச் சூட்டினார்.

அப்பொழுது அவருக்கு வயது 68. புலிற்சர் பரிசை மும்முறை பெற்று நாடறிந்த கவிஞராக விளங்கினார். ஆயினும் அவருடைய இல்லத்திலோ இருள் சூழ்ந்திருந்தது. 1934இல் இளைய மகள் மார்ஜரி மகப்பேற்றின்பின் நோயுற்று இறந்தாள். 1938இல் மனைவி எலினோர் மறைந்தார். 1940இல் மகன் கரோல் தன்னுயிரைத் தானே மாய்த்துக்கொண்டான்.

இத்துணை இழப்புக்களைக் கண்டவர் கையறுநிலைப் பாடல்களாலேயே நூலை நிரப்பியிருப்பார் என்று எண்ணுகின்றோம் அல்லவா? அவர் அவ்வாறு செய்யவில்லை. முகப்பில் நிற்கும் சிறு பாடல் காயம்பட்ட ஒரு பீச் மரத்தையே காட்டுகின்றது. அந்தக் காயமே எல்லைக்குச் சாட்சி. துன்பத்திற்கும் ஓர் எல்லை உண்டு என்பதைப் புலம்பாமலே உணர்த்திவிடுகின்றார் கவிஞர்.

மற்றொரு பாடலில் ஒருவன் ஏரிக்கரையில் நின்று உலகை நோக்கிக் கூவுகின்றான். எதிர்க்கரைப் பாறையிலிருந்து அவன் குரலே திரும்பி வருகின்றது. பின்னர், நீரைக் கிழித்து நீந்திவந்த பெரிய கலைமான் ஒன்று கரையேறிப் புதருள் மறைகின்றது. அவன் வேண்டிய ஆறுதல் அதுவன்று. ஆயினும் அவனுக்குக் கிடைத்த விடை அதுவே.

இன்னொன்று, ஒரு பெண்ணைப் பட்டுக் கூடாரத்திற்கு உவமிக்கும் காதற்பாட்டு. பதினான்கு அடிகளும் ஒரே வாக்கியம்! பல கயிறுகள் பிணித்திருந்தும் கூடாரம் மெல்ல அசைகின்றது. காற்றில் ஒரு கயிறு சற்றே இறுகும்போதுதான் கட்டு இருப்பது தெரிகின்றது. அன்பும் அத்தகையதே, யாப்பும் அத்தகையதே.

இந்நூல் 1943இல் அவருக்கு நான்காம் முறையாகப் புலிற்சர் பரிசை ஈட்டித் தந்தது. 1961இல் ஜனாதிபதி கெனடியின் பதவியேற்பு விழாவில், வெயிலின் கூச்சத்தால் புதிதாக எழுதிவந்த கவிதையை வாசிக்க இயலாது முதிய கவிஞர் தடுமாறியபோது, அவருடைய நினைவினின்று எழுந்ததும் இத்தொகுதியின் பாடல் ஒன்றே.

துயரத்தை உரக்கச் சொல்வதினும் அதனை அளந்து சொல்வது அரிது. கவிதை பயிலும் மாணவர் இந்நூலிற் கற்கத்தக்கது இதுவே. வெட்டுண்ட மரம் வீழ்ந்துவிடவில்லை; சாட்சி சொல்லி நிற்கின்றது.