வாஷிங் மெஷின் பாதியிலேயே நிக்குதா? கோளாறு மொட்டை மாடித் தொட்டியிலும் இருக்கலாம்!

சேலையூர், சிட்லபாக்கம், மாடம்பாக்கம் பக்கம் மேல் மாடியில் வாடகைக்கு இருப்பவர்களுக்கு இது பழகிப்போன விஷயம். துணியைப் போட்டு ஸ்டார்ட் பண்ணிவிட்டு வந்தால், கொஞ்ச நேரத்தில் மெஷின் கத்த ஆரம்பிக்கும். டிஸ்ப்ளேயில் எல்ஜி என்றால் 'ஐஇ', சாம்சங் என்றால் '4சி' அல்லது '4இ'. எல்லாமே சொல்வது ஒன்றுதான்: தேவையான தண்ணீர் நேரத்துக்கு உள்ளே வரவில்லை. மெஷின் ரிப்பேர் என்று நினைத்து சர்வீஸுக்கு போன் போடுவோம். வாரன்டி முடிந்திருந்தால், 'வீட்டுல பிரஷர் இல்ல சார்' என்று டெக்னீஷியன் சொல்லிவிட்டுப் போவதற்கும் விசிட் சார்ஜ் கொடுக்கணும்.

தொட்டி பக்கத்தில் இருந்தும் பிரஷர் ஏன் இல்லை?

தொட்டிக்கு நேர் கீழே இருக்கும் வீட்டுக்குத்தான் தண்ணீர் வேகமாக வரும் என்று பலர் நினைக்கிறோம். நிஜத்தில் நேர் எதிர். மோட்டார் உதவி இல்லாமல் தொட்டியிலிருந்து இறங்கும் தண்ணீருக்கு, ஒவ்வொரு 10 மீட்டர் உயரத்துக்கும் சுமார் 1 பார் அழுத்தம் கிடைக்கும். தொட்டித் தண்ணீருக்கும் மேல் மாடிக் குழாய்க்கும் 2 மீட்டர்தான் வித்தியாசம் என்றால் அழுத்தம் வெறும் 0.2 பார். அதே கட்டடத்தில் இரண்டு மாடி கீழே, தரைத் தளத்தில், சுமார் 0.8 பார். மெஷினுக்குக் குறைந்தபட்சம் எவ்வளவு வேண்டும் என்பது மாடலைப் பொறுத்தது. பல ஃப்ரன்ட் லோட் கையேடுகளில் 0.3 பாரிலிருந்து 1 பார் வரை போட்டிருப்பார்கள். கீழ் வீட்டில் நன்றாக ஓடும் அதே மாடல் மேல் வீட்டில் மக்கர் பண்ணுவது இதனால்தான்.

ஒரு பக்கெட், ஒரு போன் போதும்

மெஷின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, குழாயை மூடி, தண்ணீர் உள்ளே போகும் ஹோஸை மெஷின் பக்கம் கழற்றுங்கள். அதை பக்கெட்டில் விட்டு, குழாயை முழுசாகத் திறந்து ஒரு நிமிடம் பிடியுங்கள். சில தயாரிப்பாளர்கள் நிமிடத்துக்கு 8 லிட்டராவது வர வேண்டும் என்கிறார்கள். அதில் பாதிகூட வரவில்லை என்றால் பிரச்சினை பைப் லைனில். காலை 7 மணிக்கு ஒரு முறை, மதியம் ஒரு முறை பாருங்கள். காலையில் மட்டும் குறைந்தால், எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் குழாய் திறக்கிறார்கள் என்று அர்த்தம். இதை வீடியோ எடுத்து வையுங்கள். 'உங்க மெஷின்தான் சரியில்லை' என்று சொல்லும் ஹவுஸ் ஓனரிடம் பேச இதைவிட நல்ல ஆதாரம் கிடையாது.

தீர்வு? தொட்டியை ஒரு மீட்டர் உயர்த்தினால் 0.1 பார்தான் கூடும். சின்ன பிரஷர் பம்ப் அதைவிட உருப்படியான வழி. அதை மொட்டை மாடித் தொட்டியிலிருந்து வரும் லைனில்தான் மாட்ட வேண்டும். தெருக் குடிநீர் இணைப்பில் மோட்டார் வைத்து உறிஞ்சுவது விதிமீறல்.

ஹோஸைக் கழற்றியதோடு, மெஷின் வாயில் இருக்கும் சின்ன வலையையும் பாருங்கள். போர் தண்ணீர், லாரி தண்ணீர், குழாய்த் தண்ணீர் எல்லாம் ஒரே தொட்டியில் கலக்கும் வீடுகள் இங்கே அதிகம். லாரி வந்து இறக்கும்போது அடியில் கிடக்கும் மண்டி கலங்கி, நேராக அந்த வலையில் வந்து அடைக்கும். பழைய டூத் பிரஷ் போதும்.

தண்ணீர் நிரம்பவே மாட்டேங்குதா?

தண்ணீர் உள்ளே போகும் சத்தம் நிற்காமல் கேட்கிறது, டிரம்மில் மட்டும் நிற்கவில்லை. இது வேறு கதை. வெளியேற்றும் ஹோஸின் முனை பாத்ரூம் தரையில் கிடந்தால், தண்ணீர் தானாகவே உறிஞ்சப்பட்டு ஓடிவிடும். காசு கொடுத்து வாங்கிய லாரி தண்ணீர் அப்படியே சாக்கடைக்குப் போகிறது! பம்ப் உள்ள மெஷின்களில் முனை பொதுவாக 60 முதல் 100 செ.மீ. உயரத்தில் இருக்க வேண்டும். செமி ஆட்டோமேட்டிக், பம்ப் இல்லாத டாப் லோட் வைத்திருப்பவர்கள் இதைச் செய்ய வேண்டாம். அவற்றில் ஹோஸ் தரையில்தான் இருக்கணும்.

மழைக்காலத்தில் எல்ஜியில் 'ஓஇ', சாம்சங்கில் '5சி' வந்தால், முதலில் பாத்ரூம் தரையில் ஒரு பக்கெட் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். பாதாளச் சாக்கடை எட்டாத தெருக்களில் உறிஞ்சு குழி நிரம்பிவிட்டால் எந்தத் தண்ணீரும் சீக்கிரம் இறங்காது. 2015 வெள்ளத்தைப் பார்த்த முடிச்சூர், வரதராஜபுரம்காரர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. தரைத் தண்ணீர் சட்டென்று இறங்கினால், மெஷினின் டிரெய்ன் ஃபில்டரைத் திறந்து பாருங்கள். பெரும்பாலும் சில்லறைக் காசும் ஹேர் பின்னும்தான் இருக்கும்.

பக்கெட் சோதனை ஓகே, வலை சுத்தம், ஹோஸ் உயரமும் சரி. அப்புறமும் அதே கோடு வந்தால் தண்ணீரை உள்ளே விடும் வால்வ் போயிருக்கலாம். இப்போது சர்வீஸுக்கு போன் பண்ணுங்கள். என்னென்ன பார்த்தீர்கள் என்பதை புகார் பதியும்போதே சொல்லிவிட்டால், வருகிறவர் வால்வை கையோடு எடுத்து வர வாய்ப்பு உண்டு.