முட்டைச் சிவப்பு

முட்டை கலந்து தீட்டிய படம் நாறாதா என்று கேட்டு வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். ஈரம் இருக்கும்வரை லேசாகக் கவிச்சி அடிக்கும், காய்ந்தால் போய்விடும். சியெனாவில் தூச்சோ 1308 முதல் 1311 வரை தீட்டிய ‘மாயெஸ்தா’வின் வண்ணங்களைப் பலகையில் பிடித்து வைத்திருப்பது முட்டைக் கருதான்.

நமக்கு மஞ்சள் கரு. டஸ்கனிக்காரர்களுக்கு ‘ரோஸ்ஸோ’, அதாவது சிவப்பு. ஏட்டு இத்தாலியனில் வேறு சொல் உண்டு. 1891-இல் ஃபிளாரன்ஸில் சமையல் நூல் வெளியிட்ட அர்தூசி, கிரீம் காய்ச்சச் சிவப்பைத்தான் கேட்கிறார். அவருக்குச் சுமார் ஐந்நூறு ஆண்டு முன்பு ஓவியர்களுக்குக் கைந்நூல் எழுதிய சென்னீனோ சென்னீனியின் பேச்சும் அதுவே.

கருவைப் பிரிப்பதே ஒரு வித்தை. வெள்ளையை வடித்துவிட்டு, கருவை உள்ளங்கை மாற்றி உள்ளங்கை உருட்டி ஈரம் போக்க வேண்டும். பிறகு அதன் தோலை இரு விரலால் கிள்ளித் தூக்கி, கிண்ணத்துக்கு மேல் பிடித்து, அடியில் கத்தி முனையால் ஒரு குத்து. உள்ளிருப்பது ஒழுகிவிடும், வெறும் பை விரலில் தொங்கும். அதையும் சேர்த்துக் கலக்கினால் வண்ணத்தில் திப்பி தட்டும். அரைத்த நிறப்பொடிக்குச் சம அளவு கரு. சட்டென்று காய்ந்துவிடுவதால் குழைத்து இழைக்க முடியாது. மெல்லிய கோடுகளை அடுத்தடுத்து இழுத்துத்தான் கன்னத்தை உருட்ட வேண்டும். முட்டை ஒட்டிய தட்டை ஊறப்போடாமல் மறுநாள் தேய்த்துப் பார்த்திருக்கிறேன்; அந்தப் பிடிமானம்தான் இது.

சென்னீனோவிடம் எனக்குப் பிடித்த இடம் ஒன்று. இளம் முகங்களுக்கு நகரத்துக் கோழியின் வெளிறிய கரு. வயதான, கருத்த முகங்களுக்கு நாட்டுப்புறக் கோழியின் சிவந்த கரு என்கிறார். கோழி மேய்ந்தது கருவில் தெரியும், உண்மைதான். ஆனால் அந்த நிறம் வெளிச்சத்தில் வெளுத்துவிடும் என்பதால் அவர் கவலை வீண் என்பார்கள். இருக்கட்டும். கோழி எங்கே மேய்ந்தது என்று பார்த்து முட்டை வாங்கிய மனிதர் அவர். இன்று வண்ண அட்டையோடு ஒப்பிட்டு, தீவனத்தில் நிறமி கலந்து, கருவைச் சிவக்க வைக்கிறார்கள். அந்தச் சிவப்பை நம்பி நாமும் கூடுதல் காசு கொடுக்கிறோம்.

சியெனாப் படங்களில் சில முகங்கள் பச்சையடித்துக் கிடப்பதற்குக் கோழி காரணமல்ல. தோல் நிறத்துக்கு அடியில் பச்சை மண் பூசுவது அக்கால வழக்கம். மேலிருந்த இளஞ்சிவப்பு தேய்ந்துபோக, அடிப்பச்சை வெளியே வந்துவிட்டது. காலத்தின் மேல் மட்டும் பழி போட முடியாது. சுத்தம் செய்கிறேன் என்று கார நீரை வைத்துத் தேய்த்த முற்காலத்துக் கைகளுக்கும் இதில் பங்குண்டு.